நண்பகலில் பாலாகும் போத்தல்

“இதுக்குள்ள பால் ஊத்தினது ஆர்?” என்று கடைக்காரர் அந்தோனிப்பிள்ளை கேட்டதும் கடை வாசலில் நின்ற படகுக்காரர் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அவர் கையில் ஒரு போத்தல். படகு எஞ்சினில் பிடித்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் திரவம் அது. கடைக்கு வெளியே, வெயிலில், அதே திரவம் நிறைந்த கலன்கள் வரிசையாக நின்றன. போத்தலுக்குள் இருந்ததோ வெள்ளை வெளேரென்று, அப்போதுதான் கறந்து வந்ததைப் போல.

அதன் மேல் ஒட்டியிருந்த லேபலில் கொட்டை எழுத்தில் ‘பளிங்கு போலத் தெளிந்தது’ என்று இருந்தது. அந்த வாசகத்தை எழுதியவன் நான்.

உண்மையில், கடையில் என் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் அன்று திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் போயிருந்தேன். பத்திரிகையில் பெயர் வருவது ஒரு சுகம். கலனில் வருவது வேறு சுகம். அது அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

திகதி போடாமல் எழுதுவது எனக்குக் கை வராத காரியம். ஆனால் இத்தொடரின் ஆசிரியர் தொலைபேசியில் கெஞ்சிக் கேட்டிருக்கிறார்: “திகதியைக் குறையுங்கோ, கதை ஓடட்டும்.” ஆகவே இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: கச்சான் என்னும் தென்மேற்கு அனல்காற்று எரித்துக்கொண்டிருந்த காலம். நேரம் நண்பகல். தார் வீதியில் செருப்பு ஒட்டியது.

மர்ழியாவின் முற்றம்

அந்தத் திரவத்தைச் செய்தவர் மர்ழியா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஜமாலியாவில் இருக்கிறார். வீட்டின் பின்முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு இரண்டு சாமான்கள் செய்வார். ஒன்று, கோப்பை கழுவும் திரவம். மற்றது, எஞ்சின் கழுவும் திரவம். கோப்பைத் திரவம் அயல் வீடுகளோடு சரி. எஞ்சின் திரவத்தை வாங்கும் ஒரே பெரிய கடை அந்தோனிப்பிள்ளையுடையது. அவர் வாங்காவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான்.

அன்று மர்ழியாவும் அங்கே நின்றார். முகம் சிவந்திருந்தது. வெயில் மட்டும் காரணமில்லை.

“காலையில நான் இறக்கக்குள்ள கண்ணாடி மாதிரி இருந்திச்சு, அண்ணன். நீங்களும் பார்த்தீங்கதானே?”

“பார்த்தனான், பிள்ளை. அதுதானே கேக்கிறன், பிறகு ஆர் பால் ஊத்தினது எண்டு.”

“ஒருத்தரும் ஊத்தல்ல.”

“அப்ப மாடு தானா வந்து கறந்திட்டுப் போயிருக்கு.” மறுபடியும் சிரிப்பு. அந்தோனிப்பிள்ளை சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். “இஞ்ச பார், தங்கச்சி. கெட்ட சாமானை எஞ்சினுக்கு ஊத்தி ஏதும் நடந்தா, கடலுக்க நிக்கிறவன் என்னைத்தான் தேடி வருவான். கொழும்புக் கொம்பனிக்காரன் வாற கிழமை வாறான், தன்ர சாமானைப் போடச் சொல்லி. அதுக்கிடையில இது ஏன் இப்பிடியாச்செண்டு எனக்கு விளங்கப்படுத்து. ஏலாதெண்டா, நான் அவனுக்கு ஓம் சொல்லவேண்டி வரும்.”

நியாயமான மனிதர். அதுதான் சங்கடம். அநியாயக்காரர் என்றால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

கலன்களைக் கடையிலேயே விட்டுவிட்டு, ஒரு போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் என் வீட்டுக்கு வந்தோம். மேசையில் வைத்தோம். என் மனைவி கமலா தேநீர் கொண்டுவந்தாள். என்ன மாற்றினீர்கள் என்று நான் கேட்க, ஒன்றும் மாற்றவில்லை என்று மர்ழியா சொல்ல, அதையே சுற்றிச் சுற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி சுழன்றது. தேநீர் ஆறியது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் கமலா, “அந்தப் போத்தலைப் பாருங்கோ.”

திரும்பிப் பார்த்தோம். போத்தலின் அந்தப் பக்கம் இருந்த நாட்காட்டி, போத்தலுக்குள்ளால் தெரிந்தது. எழுத்து எழுத்தாக வாசிக்கலாம். பால் போன இடம் தெரியவில்லை.

நான் கதிரையிலிருந்து எழுந்தே விட்டேன்.

கப்பல்காரரின் சவர்க்காரம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். ஒருமுறை ஒரு கப்பல்காரர் கொடுத்தாரென்று ஒரு துண்டுச் சவர்க்காரம் கொண்டுவந்தார். தேங்காய் எண்ணெய் வாசம். கடல் தண்ணீரிலும் நுரைக்கும் என்றார். நாங்கள் நம்பவில்லை. வீட்டுச் சவர்க்காரத்தையும் அதையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினோம். வீட்டுச் சவர்க்காரம் கடல் தண்ணீரில் தயிர் போலத் திரிந்து கையில் ஒட்டியது. கப்பல்காரரின் சவர்க்காரம் நுரைத்தது. நிறைய இல்லை, ஆனாலும் நுரைத்தது.

நல்ல தண்ணீரில் நடக்கும் ஒன்று உப்புத் தண்ணீரில் நடக்காது என்பதை முதன்முதலாகக் கண்ணால் கண்டது அன்றுதான். பிறகு எத்தனையோ புத்தகம் வாசித்தேன். அந்தத் தயிர் மட்டும் இன்னும் விரல்களுக்கிடையில் இருக்கிறது.

ஆகவே மர்ழியாவிடம் கேட்டேன்: “கிணத்துத் தண்ணியோ பாவிச்சீங்கள்? இந்தக் காலத்தில கிணறெல்லாம் உவர்.”

“சீ, இல்ல. எப்பவும் குழாய்த் தண்ணிதான்.”

கையில் கிடைத்த நூல் அறுந்தது. அறுந்ததாக நினைத்தேன்.

அடுத்த நாள் நண்பகல் போத்தலை முற்றத்து மதிலில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மங்கியது. பிறகு பால். உள்ளே கொண்டுவந்தோம். பளிங்கு. மறுபடி வெளியே. பால். மர்ழியா சின்னப் பிள்ளை போல் கை தட்டினார். பிறகு தன் நிலைமை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

சூட்டினால் ஆகிறது, அது தெளிவு. ஆனால் முந்திய மாதங்களில் கொடுத்த கலன்களும் அதே வெயிலில்தானே நின்றன? அவை ஒருநாளும் மங்கவில்லையே?

எதிலும் ஒன்றை எடுத்து வைப்பது என் வியாதி. லேபல் எழுதிய காலத்துப் பழைய போத்தல் ஒன்று என் அலுமாரியில், அகராதிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குள் வெயிலை மேகம் மூடிவிட, பழையதையும் புதியதையும் குசினியில் கொதிநீருக்குள் இறக்கினோம். கண் இமைப்பதற்குள் இரண்டுமே வெளுத்தன.

“அப்ப ரெண்டும் ஒண்டுதான்,” என்றார் மர்ழியா. குரல் விழுந்துவிட்டது.

“கொதிக்கிற தண்ணி எல்லாத்தையும் வெருட்டும்,” என்றாள் கமலா. “வெயிலுக்கும் கொதிதண்ணிக்கும் இடையில வேணும். கொஞ்சம் கொஞ்சமாச் சூடு கூட வேணும்.”

வீட்டில் இருந்த காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை எடுக்கக் கை நீட்டினேன்.

“அதைத் தொடாதேங்கோ. எஞ்சின் கழுவுற தண்ணிக்குள்ள விட்டிட்டு, பிறகு பேத்தியின்ர வாயில வைக்கிறதோ?” கொஞ்சம் யோசித்தாள். “கன்னியாவுக்குப் போங்கோவன். ஏழு கிணறு கிடக்குது. ஒண்டின்ர சூடு மற்றதுக்கில்லை.”

நானும் மர்ழியாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு மூவருக்குமாக ஓட்டோவுக்குச் சொன்னோம்.

ஏழு கிணறுகள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் திருகோணமலைக்காரருக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: நகரத்துக்கு வெளியே, பக்கம் பக்கமாக ஏழு சின்னக் கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரியும். ஒன்றில் இளஞ்சூடு, இன்னொன்றில் முதல் வாளிக்கே தோள் துள்ளும். இறந்தவர்களுக்குக் கடன் கழிக்க வருவோர் உண்டு. சும்மா குளிக்க வருவோரும் உண்டு. நாங்கள் மூன்றாவது வகை. எங்களுக்கு முன் அந்த வகை இருந்ததா தெரியவில்லை.

வாசலில் நின்ற காவலாளி என் பையை எட்டிப் பார்த்தார்.

“இதென்ன?”

“எஞ்சின் கழுவுறது,” என்றார் மர்ழியா, பொய் சொல்லத் தெரியாமல்.

“கிணத்தடியில சவுக்காரமே போட ஏலாது. நீங்கள் எஞ்சினைக் கொண்டு வந்திருக்கிறீங்கள்.”

கமலாதான் காப்பாற்றினாள். மூடி இறுக்கமாக ஒட்டியிருப்பதைக் காட்டினாள். கிணற்றுக்குள் எதுவும் இறங்காது, அள்ளிய வாளிக்குள் மட்டும் போத்தலை நிறுத்தி எடுப்போம் என்றாள். ஒரு துளி வெளியே வந்தால் என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னாள். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பிணை அவருக்குப் போதவில்லை போலும், கூடவே வந்தார்.

ஒவ்வொரு கிணற்றையும் முதலில் கையால் பார்த்து, சூடு குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்திக்கொண்டோம். வரிசையில் மர்ழியாவுக்கும் கமலாவுக்கும் ஒத்துவரவில்லை. காவலாளி தீர்த்துவைத்தார்.

முதல் வாளி. இரண்டு போத்தலும் தெளிவு. அடுத்தது. தெளிவு. அதற்கடுத்தது. கமலா தன் கைவிரல்களைப் போத்தலுக்குப் பின்னால் பிடித்தாள். விரல்கள் தெரிந்தன. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் ஈரத் துவாயோடு வந்து நின்றார்.

சூடு மிகக் கூடிய கிணற்றுக்கு வந்தோம். வாளிக்குள் போத்தல்களை நிறுத்தினோம். காத்திருந்தோம். தண்ணீர் ஆறியதும் ஊற்றிவிட்டுப் புதிதாக அள்ளினோம்.

புதிய போத்தலின் ஓரத்தில் புகை போல ஒன்று கிளம்பியது. சுருள் சுருளாக நடுவுக்குப் போனது. கமலாவின் விரல்கள் மங்கின, நிழலாயின, மறைந்தன. பால்.

பழைய போத்தலுக்குப் பின்னால் அவளுடைய மற்றக் கைவிரல்கள், மோதிரத்தோடு, அப்படியே தெரிந்தன.

“ரெண்டும் ஒண்டில்லை,” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. காவலாளி எனக்கு முன்னாலேயே “ரெண்டும் ஒண்டில்லை” என்று துவாய்க்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அப்ப என்ன வித்தியாசம்?” கமலா நெற்றியைத் துடைத்துக்கொண்டு மர்ழியாவைக் கேலி செய்தாள். “கைமறதியா உப்புப் புளி கூடிப்போச்சோ?”

மர்ழியா வாளியைக் கீழே வைத்தார்.

“உப்புப் போட்டனான்.”

“என்னது?”

“உப்பு, அக்கா. கறியுப்பு. போன மாசம் அந்தோனி அண்ணன்ட கடையில எல்லாரும் சொன்னாங்க, தண்ணி மாதிரி ஓடுது, கெட்டியா இல்ல எண்டு. கோப்பை கழுவுறதுக்கு உப்புப் போட்டுத்தானே நான் கெட்டியாக்கிறன். அதையே இதுக்கும் போட்டன். கெட்டியாகல்ல. இன்னும் ஒரு கை போட்டன்.”

“ஒண்டும் மாத்தேல்லை எண்டு சொன்னீங்களே?”

“உப்பெல்லாம் ஒரு மாத்தமா, அண்ணன்?”

முதுகோடு முதுகாக

உப்பு ஒரு மாற்றம்தான். எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அன்று மாலை புத்தகங்களையும் கைத்தொலைபேசியையும் விரித்துவைத்து வாசித்தபோது, எனக்குச் சாப்பாடே மறந்துபோனது.

சவர்க்கார மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும், தண்ணீரை வெறுத்து எண்ணெயை விரும்பும் ஒரு வாலும் உண்டு. தண்ணீரில் கொஞ்சமாகப் போட்டால் அவை மேற்பரப்புக்குப் போய், வாலை வெளிக்காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். மேற்பரப்பு நிறைந்துவிட்டால்?

மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுவோர் காற்று வாங்க ஓரத்து இருக்கைகளைப் பிடிப்பார்கள். ஓரம் நிறைந்த பிறகு ஏறுவோர் நடுவில், முதுகோடு முதுகு சாய்ந்து, முகத்தை வெளிப்பக்கம் வைத்துக் கும்பலாக உட்காருவார்கள். அதேதான் இங்கேயும்: வால்கள் உள்ளே, தலைகள் வெளியே, உருண்டையான ஒரு கும்பல். அதற்கு மைசெல் என்று பெயர். எஞ்சினில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அந்த முதுகுகளுக்கிடையில் ஒளிந்துகொண்டு தண்ணீரோடு போய்விடுகிறது. கழுவுதல் என்பது இவ்வளவுதான்.

மர்ழியாவின் இரண்டு திரவத்திலும் இருப்பவை வெவ்வேறு சாதி மூலக்கூறுகள். கோப்பைத் திரவத்தின் தலைகள் மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பு நடுவில் புகுந்து அந்தச் சண்டையைத் தணிக்கிறது. அவை நெருங்குகின்றன, கும்பல் உருண்டை நிலையை விட்டுப் புழுவைப் போல நீள்கிறது, நீண்டவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அதுதான் அந்தக் கெட்டி. உப்பு மிஞ்சினால் மறுபடி நீர்த்துவிடும். அது மர்ழியாவுக்கு முன்பே தெரியும்.

எஞ்சின் திரவத்தின் தலைகளில் மின்னேற்றம் இல்லை. அவை தண்ணீரைக் கையால் பிடித்துக்கொண்டுதான் கரைந்து நிற்கின்றன. சூடு ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. தளர்ந்த கும்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன, வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. நாம் பால் என்கிறோம். ஆறினால் பிடி திரும்புகிறது, பால் மறைகிறது. உப்பு தனக்கென்று தண்ணீரை இழுத்துக்கொள்வதால், பிடி இன்னும் குறைந்த சூட்டிலேயே விட்டுப்போகிறது. கொதிநீரில் ஆகவேண்டியது வெயிலிலேயே ஆகிவிடுகிறது.

ஒரே உப்பு. ஒரு கலத்தில் சமாதானம் செய்கிறது, அடுத்த கலத்தில் தண்ணீரைத் திருடுகிறது.

அடுத்த நாள் காலை இதை மர்ழியாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி, இனி உப்புப் போடல்ல. கடையில நிக்கிற கலனையெல்லாம் என்ன செய்யிறது? கடல்ல ஊத்துறதா?”

“அதுக்கும் வழி கிடக்குது. மின்னேற்றம் உள்ள சாதியில கொஞ்சம் எடுத்து இதுக்குள்ள கலந்தா, ஒவ்வொரு கும்பலுக்கும் கொஞ்சம் மின்னேற்றம் வரும். பிறகு கும்பலும் கும்பலும் ஒட்டாது, தள்ளும். இன்னும் எவ்வளவோ சூடு வேணும் பாலாக. எங்க வாங்கிறதெண்டுதான்...”

“வாங்கிறதா?” மர்ழியா எழுந்துவிட்டார். “என்ட கொட்டகையில பீப்பாய் நிறையக் கிடக்கே. கோப்பை கழுவுறதுக்கு வாங்கின சவுக்காரக் களி, அது அந்தச் சாதிதானே.”

அன்றே ஒரு சின்னப் போத்தலில் செய்து பார்த்தோம். முதலில் போட்டது போதவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டார். மதிலில் நண்பகல் முழுக்க நின்றது போத்தல். மங்கவில்லை.

கரண்டி

கொழும்புக் கொம்பனிக்காரர் வரவிருந்த நாளுக்கு முதல் நாள், வெயில் உச்சிக்கு வந்த பிறகே கடைக்குப் போனோம். வேண்டுமென்றேதான். கலன்கள் அதே இடத்தில் நின்றன. படகுக்காரரும் அதே இடத்தில் நின்றார்கள், பால் கதை ஊரெல்லாம் பரவியிருந்ததால் முன்பைவிடக் கூடுதலாக.

“தங்கச்சி, தேத்தண்ணிக்குப் பால் கொண்டு வந்தியோ?” என்றார் ஒருவர்.

“நீங்க சீனி கொண்டு வந்தீங்களா?” என்றார் மர்ழியா.

கண்ணாடிச் சாடி ஒன்றைக் கேட்டு வாங்கினார். கலனைச் சாய்த்து நிறைத்தார். வெள்ளை. வெயிலிலேயே, கலனின் மூடி மேல் சாடியை வைத்தார்.

“அண்ணன், கையை வச்சுப் பாருங்க. சூடா?”

அந்தோனிப்பிள்ளை தொட்டுப் பார்த்தார். “ஓம், சுடுது.”

“நான் இதை நிழலுக்கு எடுக்கல்ல. ஐஸ் போடல்ல. எல்லாரும் பார்த்துக்கங்க.”

கொண்டுவந்த களியில் ஒரு கரண்டி எடுத்துச் சாடிக்குள் விட்டு மெதுவாகக் கலக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். சின்னப் போத்தலில் நடந்தது இங்கேயும் நடக்குமா? மர்ழியா என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு கரண்டி விட்டார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

கரண்டி போன தடத்தில் ஒரு கோடு தெரிந்தது. வெள்ளைக்குள் கண்ணாடிக் கோடு. அது அகலித்தது. சுழன்றது. பால் சாடியின் ஓரங்களுக்கு ஒதுங்கி, மெலிந்து, புகையாகி, இல்லாமல் போனது. சாடிக்குள்ளால் துறைமுகத்தின் நீலமும், அதில் தலைகீழாக ஒரு படகும் தெரிந்தன.

அந்தோனிப்பிள்ளை மறுபடி சாடியைத் தொட்டார்.

“இன்னும் சுடுது,” என்றார் மெல்ல.

பிறகு அவருக்குத் தேவையான விளக்கத்தை மர்ழியா சொன்னார். தலை, வால், உப்பு, லோஞ்சு எல்லாம். நான் சொன்னதைவிட நன்றாக. கெட்டியாக இல்லை என்று முறைப்பாடு சொன்னவர்கள் அங்கேயே நின்றதால், “உப்பைப் போட வச்சதே நீங்கதான்” என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்தோனிப்பிள்ளை அந்தத் திரவத்தைப் பழைய எஞ்சின் மூடி ஒன்றில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். கறுப்பு வழிந்தோடியது. உலோகத்தை விரலால் தடவி மணந்தார்.

“தண்ணி மாதிரித்தான் ஓடும் எண்டு சனத்துக்கு நான் சொல்லுறன். நீ உப்பைத் தொடாத.”

“கொழும்புக்காரர் வருவாரே, அண்ணன்?”

“வரட்டும். தேத்தண்ணி குடுத்து அனுப்புறன்.”

மர்ழியா சாடியைக் கீழே வைத்தார். அன்று மாலைக்குள், கொட்டகையில் வேலை செய்யும் இரண்டு பெண்களையும் வரவழைத்து, எல்லாக் கலன்களையும் சரிசெய்துவிட்டார்.

கடைசிக் கலனுக்கு வந்தபோது அந்தோனிப்பிள்ளை தடுத்தார்.

“அதில ஒரு போத்தல் அப்பிடியே விடு. எனக்கு வேணும்.”

“கெட்டது எதுக்கு, அண்ணன்?”

“கடை வாசல்ல வைக்க. இவங்கள் வெயில் தெரியாமல் எஞ்சினோட மல்லுக்கட்டிக்கொண்டு நிப்பாங்கள். சொன்னாக் கேக்கமாட்டாங்கள். போத்தல் சொல்லட்டும்.”

இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. காலையில் அதற்குள்ளால் கடல் தெரியும். நண்பகலில் வெளுக்கும். அப்போது யாராவது ஒருவர் “பால் வந்திட்டுது” என்று குரல் கொடுக்க, குறடுகளைப் போட்டுவிட்டு எல்லோரும் நிழலுக்கு வருகிறார்கள். பின்னேரம் தெளிந்ததும் திரும்பிப் போகிறார்கள்.

அதற்கும் ஒரு லேபல் எழுதித் தரச் சொன்னார்கள். என் எழுத்துகளில் ஒருநாளும் பொய்த்துப் போகாத வாசகம் அது ஒன்றுதான்: ‘விற்பனைக்கல்ல. உப்புப் போட்டது.’